வைகாசிக் குன்றில் ஒரு பசு

ஆஸ்திரேலிய வரைபடத்தில் மேய்ஸ் ஹில் என்று இருக்கும் இடத்தை சிட்னித் தமிழர்கள் 'வைகாசிக் குன்று' என்கிறார்கள். மே மாதத்துக்கு வைகாசி, ஹில்லுக்குக் குன்று. அந்த 'மே' மாதமா, மனிதரா என்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. முருகனோ விசாகத்தில் பிறந்தவன், குன்றைக் கண்டால் குடியேறிவிடுபவன். அவனுக்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் கிடைக்குமா? 1999-இல் குடமுழுக்கு கண்ட சிட்னி முருகன் கோயில் அங்கே கிரேட் வெஸ்டர்ன் ஹைவே ஓரமாக இருக்கிறது. சுற்றிலும் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி. யாழ்ப்பாணத்து அம்மம்மாவும் மதுரைப் பாட்டியும் ஒரே கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் வட்டாரம். 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்ன ஆஸ்திரேலியர்கள் 95,404 பேர். அவர்களில் கணிசமானவர்களை இந்த நாலைந்து ரயில் நிலையங்களுக்கு இடையில் பார்த்துவிடலாம்.

என் தங்கை வீடும் அங்கேதான். அவள் மகள் மூன்றாம் வகுப்பு. நான் போய் இறங்கிய வாரம், சாப்பாட்டு மேஜைமீது அவளுடைய இரண்டு நோட்டுகள் கிடந்தன. ஒன்று பள்ளிக்கூடத்து ஆங்கில நோட்டு. இன்னொன்று வார இறுதித் தமிழ் வகுப்பு நோட்டு.

ஆங்கில நோட்டைப் புரட்டினேன். பட்டுப்புழு எப்படி அந்துப்பூச்சி ஆகிறது என்று ஒரு விளக்கம். பழ சாலட் செய்முறை. எக்கிட்னா என்ற முள் உடம்புப் பிராணியைப் பற்றி ஓர் அறிக்கை. காணாமல் போன குடை ஒன்றின் கதை. ஆஸ்திரேலியப் பள்ளிகளில் 'தொப்பி இல்லையேல் விளையாட்டு இல்லை' என்று ஒரு விதி உண்டு, வெயில் அப்படி. அந்த விதி நியாயமா என்று ஒரு பக்க வாதம். ஒரு பருவத்துக்குள் இத்தனையும்.

தமிழ் நோட்டைத் திறந்தேன். பசு. அதற்கடுத்துத் தைப்பொங்கல். அதற்கடுத்து எனது பள்ளி. மூன்றும் ஒரே அச்சு. முன்னுரை இரண்டு வரி, நடுவில் தகவல் நாலு வரி, கடைசியில் 'ஆகவே நாம் அனைவரும்' என்று தொடங்கும் முடிவுரை. பசுவின் முடிவுரை: ஆகவே நாம் அனைவரும் பசுவைப் போற்றுவோம்.

சும்மா சோதித்துப் பார்க்கலாமே என்று, "தோசையைப் பற்றி ஏதாவது எழுதிக் காட்டு கண்ணு" என்றேன்.

அவள் பென்சிலை எடுக்கவில்லை. "எந்த டைப், பெரியம்மா? ரெசிபியா, ஸ்டோரியா, ரிப்போர்ட்டா? யாரு படிக்கப்போறாங்க?"

இருபத்தைந்து வருடமாக எழுதிப் பிழைக்கிறவள் நான். எந்தத் தமிழ் வகுப்பிலும் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு இதைக் கேட்கத் தோன்றுகிறது என்றால் யாரோ மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தேடிப்போனதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

தென்னை மரத்தில் கட்டிய மாடு

முதலில் பசுவுக்காக ஒரு வார்த்தை. பாவம், அதை எல்லோரும் கேலி செய்கிறோம். பசு கட்டுரையை நெட்டுருப் போட்டுக்கொண்டு போன பையனுக்குத் தேர்வில் தென்னை மரம் வந்துவிட, 'தென்னை மரத்தில் மாட்டைக் கட்டலாம்' என்று தொடங்கி மிச்சத்தைப் பசுவாகவே எழுதி முடித்த கதையைக் கேட்காத தமிழர் உண்டா?

ஆனால் பசு கட்டுரையில் குற்றமில்லை. வீட்டு விலங்கு என்று இனம் சொல்கிறது. நாலு கால், இரண்டு கொம்பு, ஒரு வால் என்று உறுப்பு சொல்கிறது. என்ன தின்னும், எங்கே வாழும், என்ன பயன் என்று வரிசையாகப் போகிறது. கலைக்களஞ்சியம் இதைத்தான் செய்கிறது. விலங்கியல் புத்தகமும் இதைத்தான் செய்கிறது. என் தங்கை மகளின் எக்கிட்னா அறிக்கையும் அட்டை மாற்றிய பசு கட்டுரைதான். அந்தப் பையனுடைய கஷ்டம் வேறு. அவன் கையில் இருந்தது ஒரே ஒரு வகை எழுத்து. அதன் பெயர்கூட அவனுக்குச் சொல்லப்படவில்லை. பசு என்ற தலைப்போடு ஒட்டிவைத்துத் தரப்பட்டது. வகையைப் புரிந்துகொண்டிருந்தால் தென்னையை அதே வரிசையில் எழுதிவிட்டு எழுந்து போயிருப்பான். பாதிப் பேருக்கு மனப்பாடம் கைகொடுத்தது. மீதிப் பேரைப் பார்த்துச் சிரித்தோம்.

சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்து வாசலில்

இதே கவலையோடு சிட்னியில் சிலர் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்பே உட்கார்ந்தார்கள். எம்.ஏ.கே. ஹாலிடே என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1976-இல் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து அங்கே மொழியியல் துறையைத் தொடங்கினார். மொழி என்பது மனிதர்கள் காரியம் சாதித்துக்கொள்ளும் கருவி. காரியம் மாறினால் சொற்கட்டு மாறும் என்பது அவர் பார்வை. அந்தத் துறையில் இருந்த ஜிம் மார்ட்டின், கனடாவிலிருந்து வந்தவர். அவரும் ஜோன் ரோதெரியும் 1980-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியவற்றை அள்ளிக்கொண்டு வந்து பிரித்துப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டின் சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். 1980-இல் சிட்னியில் நடந்த ஆங்கில ஆசிரியர் மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து டொனால்ட் கிரேவ்ஸ் வந்திருந்தார். பிள்ளையைத் தன் போக்கில் எழுத விடு, தலைப்பை அவனே தேர்ந்தெடுக்கட்டும், எழுதி எழுதித் திருத்தட்டும் என்பது அவர் கட்சி. பிழைக்குப் பிழை சிவப்பு மை பார்த்துச் சலித்த ஆசிரியர்களுக்கு அது மழை பெய்தாற்போல இருந்தது. ஆஸ்திரேலிய வகுப்பறைகளில் அந்த முறை வேகமாகப் பரவியது.

மார்ட்டினும் ரோதெரியும் கண்டது வேறு. எதையும் எழுதலாம் என்று விட்டபோது, பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வகையையே எழுதினார்கள். சனிக்கிழமை நான் கடற்கரைக்குப் போனேன், நன்றாக இருந்தது. என்னிடம் ஒரு நாய் இருக்கிறது, எனக்கு அதைப் பிடிக்கும். மேல் வகுப்புக்குப் போனதும் அறிவியல் விளக்கம் கேட்பார்கள், சரித்திரக் காரணம் கேட்பார்கள், வாதம் கேட்பார்கள். இவை எப்படி எழுதப்படுகின்றன என்று யாரும் காட்டித்தர மாட்டார்கள். வீட்டில் செய்தித்தாளும் புத்தகமும் புழங்கும் பிள்ளை மோப்பம் பிடித்துக் கற்றுக்கொள்ளும். அப்பா தொழிற்சாலையிலும் அம்மா துப்புரவு வேலையிலும் இருக்கிற, வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளை என்ன செய்யும்? சுதந்திரம் என்று சொல்லி விட்டதில் ஏற்கனவே கொடுத்துவைத்தவர்களுக்கே லாபம் என்றார்கள்.

ஏழை வட்டாரப் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி தரும் திட்டம் ஒன்று 1973-இன் கார்மெல் அறிக்கையைத் தொடர்ந்து அங்கே நடைமுறையில் இருந்தது. அதன் சிட்னிக் கிழக்குப் பகுதிக் கிளையோடு இந்த மொழியியலாளர்கள் 1980-களின் பிற்பாதியில் கைகோத்தார்கள். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறைகள் அவை. அங்கே உருவானதுதான் இன்று உலகம் 'சிட்னிப் பள்ளி' என்று அழைக்கும் முறை. நடந்ததைச் சொல்வது, அறிக்கை, செய்முறை, விளக்கம், கதை, ஒருபக்க வாதம், இருபக்க விவாதம் என்று எழுத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொன்றும் எதற்காக, எந்த வரிசையில், எந்த மாதிரி வாக்கியத்தில் வரும் என்று மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார்கள்.

சொல்லிக்கொடுக்கும் விதம் நம் ஊர்ப் பாட்டு வாத்தியார் வழிதான். முதலில் தேர்ந்த ஒன்றை எல்லோருமாகப் பிரித்துப் பார்ப்பது. அப்புறம் ஆசிரியர் சாக்பீஸைப் பிடிக்க, பிள்ளைகள் சொல்லச் சொல்லச் சேர்ந்து ஒன்றை எழுதுவது. கடைசியில் அவரவர் தனியாக. குரு பாடி, குருவோடு பாடி, பிறகு தனியாகப் பாடுகிற கணக்கு. நம் எழுத்து வகுப்புகள் தவறவிடுவது நடுப்படியைத்தான். மாதிரிக் கட்டுரை தருவார்கள், அடுத்த நொடி 'நீயே எழுதிக்கொண்டு வா' என்பார்கள்.

பெவர்லி டெரிவியாங்கா 1990-இல் எழுதிய ஓர் ஒல்லிப் புத்தகம் இந்த முறையைச் சாதாரண தொடக்கப்பள்ளி ஆசிரியைகளின் கைக்குக் கொண்டுபோனது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1994-இல் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இதைச் சேர்த்தது. ஹாலிடேயின் இலக்கணச் சொற்கள் புரியவில்லை என்று பத்திரிகைகளில் ஒரே கூச்சல். 1998-இல் பழைய இலக்கணச் சொற்களோடு திருத்தி வெளியிட்டார்கள். எழுத்து வகைகள் மட்டும் தங்கிவிட்டன. பிற்பாடு இந்தோனேசியா 2004-இல் ஆங்கிலப் பாடத்திலும், 2013-இல் தன் சொந்த மொழிப் பாடத்திலும் எழுத்து வகைகளை அடிப்படையாக வைத்தது. வைகாசிக் குன்றிலிருந்து ரயிலில் அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் பிறந்த யோசனை ஜாவாத் தீவுக்குப் போய்விட்டது. வைகாசிக் குன்றின் தமிழ் நோட்டுக்குத்தான் வந்துசேரவில்லை.

எல்லாம் 'வும்' 'வும்'

வந்துசேர்ந்த ஒரு வகுப்பையும் பார்த்தேன். பசு எழுதிய வகுப்பிலிருந்து என் தங்கை மகள் மாறி வந்திருந்த வகுப்பு அது. மேய்ஸ் ஹில்லுக்குப் பக்கத்தில், வார இறுதியில் வாடகைக்கு எடுத்த பள்ளி அறை. பதினாலு பிள்ளைகள், ஏழு வயதிலிருந்து ஒன்பது வரை. பாதிப் பேர் 'ரீச்சர்' என்று கூப்பிட்டார்கள், பாதிப் பேர் 'மிஸ்' என்று. ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். வார நாளில் வேறு வேலை, வார இறுதியில் சம்பளம் வாங்காமல் தமிழ்.

அன்றைக்குச் செய்முறை எழுதுகிற பாடம். அவர் பலகையில் எதுவும் எழுதவில்லை. அப்பளம், இடியாப்ப மா, ரசப்பொடி என்று கடையில் வாங்கிய நாலைந்து பாக்கெட்டுகளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கலக்கவும். கொதிக்க விடவும். இறக்கவும். பரிமாறவும். ஒரு பையன் எழுந்து நின்று, "மிஸ், எல்லாம் 'வும்' 'வும்'னு முடியுது!" என்றான். கண்டுபிடித்துவிட்டான். வீட்டில் அம்மா 'ஊத்து' என்பார், டி.வி. சமையல்காரர் 'ஊத்திக்கங்க' என்பார், பாக்கெட் 'ஊற்றவும்' என்கிறது. யாரென்று தெரியாத பத்தாயிரம் பேருக்குச் சொல்லும்போது தமிழ் எடுத்துக்கொள்ளும் மரியாதை அந்த 'வும்'. இலக்கண வகுப்பில் ஒரு மாதம் நடத்தினாலும் இது இவ்வளவு சுலபமாக மண்டையில் ஏறாது.

அப்புறம் எல்லோரும் சேர்ந்து தோசை எழுதினார்கள். இரண்டாவது வரியிலேயே சண்டை. மாவில் மஞ்சள் போடுவதா? தாளித்துக் கொட்டுவதா? யாழ்ப்பாணத்துத் தோசை மஞ்சளாக, வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து வரும். கோதுமை மாவும் சேரும். மதுரைக் குழந்தைக்கு அது தோசையே இல்லை. ஒருத்தி 'அகப்பை' என்றாள், இன்னொருத்தி 'கரண்டி' என்றாள். ஆசிரியை சிரித்துக்கொண்டே பலகையை நடுவில் கோடு போட்டு இரண்டாக்கினார். இரண்டு தோசை, இரண்டு செய்முறை. இரண்டிலும் 'தேவையான பொருட்கள்' மேலே, 'செய்முறை' கீழே, எல்லா வரியும் 'வும்'. கருத்தில் ஒத்துப்போகாதவர்கள் வடிவத்தில் ஒத்துப்போனார்கள்.

போன வாரம் எழுதி வந்திருந்த கோயில் திருவிழாவையும் அன்றைக்குத் திருத்திக் கொடுத்தார். என் தங்கை மகள் எழுதியது இப்படி இருந்தது: நான் கோயிலுக்குப் போனேன். நான் தேர் பார்த்தேன். நான் சாமி கும்பிட்டேன். நான் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். நான் வீட்டுக்கு வந்தேன்.

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. இதே மாதிரி வந்த ஒன்றுக்கு, அவள் முன்பு படித்த வேறொரு வகுப்பில் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள். இந்த ஆசிரியை நோட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இதில எத்தனை 'நான்' இருக்கு எண்டு எண்ணிப் பாருங்கோ" என்றார். ஐந்து. "ஒரு 'நான்' காணும்."

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் விழித்தார்கள். யாழ்ப்பாணத்தில் 'காணும்' என்றால் 'போதும்'. அந்த விளக்கம் முடிந்து, எல்லோருமாகச் சேர்ந்து வரிகளைக் கோத்தார்கள்: கோயிலுக்குப் போய், தேர் பார்த்து, சாமி கும்பிட்டு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு வீட்டுக்கு வந்தோம். ஐந்து வாக்கியம் ஒன்றாகிவிட்டது. 'நான்' கரைந்து 'நாங்கள்' ஆகி, அதுவும் வினையின் வாலுக்குள் ஒளிந்துகொண்டது. போய், பார்த்து, கும்பிட்டு என்று வினையெச்சத்தை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றில் முடிச்சுப் போடுவதுதான் நடந்ததைச் சொல்லும் தமிழ். ஆங்கிலப் பள்ளியில் 'பிறகு, பிறகு, அதன் பிறகு' என்று இணைப்புச் சொல் கற்றுவரும் பிள்ளை, அதையே தமிழில் இறக்கிவைக்கிறது. வார்த்தை தமிழ், வண்டி ஆங்கிலம்.

எனக்கு அந்த வகுப்பில் உறைத்தது இதுதான். சிட்னி முறையை அப்படியே எடுத்துத் தமிழ் வகுப்பில் மாட்டினால் போதாது. ஒவ்வொரு எழுத்து வகைக்கும் தமிழுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. அதைத் தமிழுக்குள் நின்றுதான் பார்க்க வேண்டும். அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 'எக்கிட்னா முட்டை போடுகிறது, பால் கொடுக்கிறது' என்று எழுதினால், இப்போது கண்ணெதிரே போட்டுக்கொண்டிருப்பது போல ஒலிக்கும். 'முட்டையிடும், குட்டிக்குப் பால் கொடுக்கும்' என்பதுதான் தமிழ். 'செய்யும்' என்ற அந்த வினைமுற்றை, பள்ளி இலக்கணம் எதிர்காலம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. ஓர் இனத்தின் இயல்பைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. கதை என்றால் விவரிப்பு எழுத்துத் தமிழிலும் பாத்திரங்களின் பேச்சு பேச்சுத் தமிழிலும் வரலாம், வர வேண்டும். வீட்டில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்று குழம்பித் தமிழே வேண்டாம் என்று ஓடும் பிள்ளைக்கு, இரண்டும் எங்கெங்கே செல்லும் என்று காட்ட இது நல்ல வழி.

'கதை எழுது' என்பதிலும் ஒரு வம்பு உண்டு. ஈழத்துப் பேச்சில் 'கதைப்பது' என்றால் பேசுவது. "வகுப்பில கதைக்காதேங்கோ" என்று காலையில் அதட்டிய ரீச்சர், மதியம் கதை கேட்கிறார். ஒரு வாண்டு இதை அவரிடமே கேட்டுவிட்டது.

வாதத்துக்கு நம்மிடம் பட்டிமன்றம் இருக்கிறது. சிட்னிப் பிள்ளைகள்கூட பொங்கலன்று டி.வி.யில் பார்த்திருப்பார்கள். 'நடுவர் அவர்களே' என்று விளித்து, எதிரணி சொன்னதை ஒன்றொன்றாக எடுத்துத் தட்டி, ஓர் உதாரணக் கதை சொல்லி, கைதட்டல் வாங்கும் இடத்தில் நிறுத்துகிற அந்தக் கட்டமைப்பு வாதம் எழுதுவதற்குக் கச்சிதமான அச்சு. அதை எழுத்து வகுப்புக்குக் கொண்டுவர ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

அச்சு கெட்டியானால்

இந்த முறைக்கு மறுபக்கமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2008-இலிருந்து மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு நாப்லான் என்ற தேசியத் தேர்வு நடக்கிறது. அதில் எழுத்துத் தாள் ஒன்று. முதல் மூன்று வருடம் கதை எழுதச் சொன்னார்கள். 2011-இல் வாதத்துக்கு மாறினார்கள். பத்து அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். தேர்வு வந்தால் டியூஷன் வராமல் இருக்குமா? வந்தது. முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக, முடிவாக. ஒரு பத்திக்கு ஒரு காரணம், ஒரு காரணத்துக்கு ஓர் உதாரணம். நம் வீட்டுப் பிள்ளைகளை அந்த வகுப்புகளில் சேர்க்க நம்மவர்கள் காட்டும் ஆர்வத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

2014-இல், எந்தச் சட்டத்தை அல்லது விதியை மாற்றி நல்லதாக்குவாய் என்று எட்டு வயதுப் பிள்ளைகளிடமும் கேட்டு வைத்தார்கள், பெற்றோர்கள் பொருமினார்கள். எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சி நடத்திய லெஸ் பெரல்மன் 2018-இல் நியூ சவுத் வேல்ஸ் ஆசிரியர் சங்கத்துக்காக இந்தத் தாளை ஆராய்ந்து கிழித்துத் தோரணம் கட்டினார். கருத்தைவிட எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தக்குறிக்கும் ஓங்கிய மதிப்பு என்றார். அதோடு விடவில்லை; அர்த்தமில்லாமல் எழுதி அதிக மதிப்பெண் வாங்குவது எப்படி என்று மாணவர்களுக்குக் கேலியாக ஒரு வழிகாட்டியும் எழுதிக் கொடுத்தார்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கதவு திறக்க வந்த சாவி, தேர்வுக்காரர் கையில் பூட்டாகிவிட்டது என்று சிட்னியில் ஆசிரியர்களே அலுத்துக்கொள்கிறார்கள். உண்மைதான். ஆனால் அச்சு இருப்பதால் வந்த கேடு இது என்று நான் நினைக்கவில்லை. படிப்பவர் காணாமல் போனதால் வந்தது. 'யாரு படிக்கப்போறாங்க?' என்ற கேள்விக்கு 'மதிப்பெண் போடுகிறவர்' என்பது மட்டுமே பதில் என்றால், எட்டு வயதானாலும் ஐம்பது வயதானாலும் எழுத்து அப்படித்தான் வரும். நம் 'ஆகவே நாம் அனைவரும்' எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாலபாடங்களை எழுதி, பிள்ளைகளுக்குத் தெளிந்த உரைநடையைக் கையில் கொடுத்தார். பெரிய காரியம். அந்தப் பாடங்கள் அறத்தையும் சமயத்தையும் சொல்ல வந்தவை. அறிவுரையில் முடிவது அவற்றுக்கு இயல்பு. பின்னால் வந்த நாம், பசுவோ, பேருந்துப் பயணமோ, எதைக் கொடுத்தாலும் அறிவுரையில் முடிப்பதைக் கட்டுரையின் இலக்கணமாகவே ஆக்கிவிட்டோம். அதற்கும் முன்னே போனால் தொல்காப்பியம் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு வகை பேசுகிறது. பிசி என்பது விடுகதை. அங்கதம் என்பது கேலி. இவ்வளவு விசாலமாகத் தொடங்கியவர்கள் ஒரே ஒரு பசுவில் வந்து நின்றது எப்படி?

இன்னொரு பழங்கதை. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தானும் செய்து பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையோடு சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. அதை நியூ சவுத் வேல்ஸில் நிலைநாட்டவென்று தாமஸ் ரெடால் என்ற பாதிரியார் 1820-இல் கப்பலேறி வந்தார். ஆக, எழுத்துப் பாடத்தில் நாம்தான் முந்திக் கொடுத்தவர்கள். இருநூறு வருடம் கழித்து அவர்களிடமிருந்து ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எண்பது மணி நேரம்

வார இறுதி வகுப்பு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பருவம், பருவத்துக்குப் பத்து வாரம். வருடத்துக்கு எண்பது மணி நேரம். அதற்குள் எழுத்து, வாசிப்பு, ஆத்திசூடி, ஆண்டு விழா நாடகம். 'இதில் எழுத்து வகை வேறா?' என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் பதில்: அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து வகை ஏற்கனவே தெரியும். வார நாளில் ஆங்கிலத்தில் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். வாசல்வரை வந்த பாடத்தை உள்ளே விட்டால் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளியில் இந்த மாதம் செய்முறை எழுதினால், தமிழ் வகுப்பிலும் இந்த மாதம் செய்முறை. நியூ சவுத் வேல்ஸ் அரசு தமிழுக்கும் பாடத்திட்டம் தந்திருக்கிறது, பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் தமிழ் ஒரு பாடம். அங்கே போய் நிற்கும்போது கடிதமும் வாதமும் விமர்சனமும் எழுத வேண்டியிருக்கும். பசு அதுவரை துணைக்கு வராது.

தமிழ்நாட்டுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டும். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் பிள்ளை படிக்கவும் எழுதவும் வேண்டும் என்கிறது. நல்லது. எழுதத் தெரிந்த பிள்ளையை அடுத்து எதை எழுதச் சொல்லப்போகிறோம்? என் ஓட்டு விடுகதைக்கும் செய்முறைக்கும்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பேரப்பிள்ளையிடம் 'தமிழ்ல ஏதாவது எழுதிக் காட்டு' என்று கேட்காதீர்கள். அது தேர்வு. உங்களுக்குத் தேவையான ஒன்றை எழுதி வாங்குங்கள். அந்த ஊர் மைக்ரோவேவை எப்படிப் போடுவது, எந்த பொம்மையை ஏன் வாங்கித்தர வேண்டும், கூகபரா பறவை எப்படிக் கத்தும். எழுதியது விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று திருப்பி அனுப்புங்கள்.

நான் அப்படித்தான் கேட்டேன். வெஸ்ட்மீட் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியை என் தங்கை மகள் ஒரு தாளில் எழுதித் தந்தாள். பதினோரு வரி. 'படியில் இறங்கவும்', 'சிக்னலில் பொத்தானை அமுக்கவும்', 'நாய் குரைத்தால் பயப்பட வேண்டாம், அது கட்டியிருக்கும்'. ஆற்றுப்படை பாடிய இனமல்லவா, வழி சொல்வதில் குறை வைக்கவில்லை. ஏழாவது வரிப்படி இடது பக்கம் திரும்பினேன். ஒரு டயர் கடை வாசலில் போய் நின்றேன். போன் செய்ததும் ஓடிவந்து கூட்டிப்போனாள். அன்று இரவே இடதை அடித்து வலது என்று திருத்தி, புதுத் தாளில் நகல் எடுத்தாள். அது இப்போது மதுரையில் எங்கள் அம்மாவின் கைப்பையில், பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. அம்மா ஜூலையில் சிட்னி போகிறார்.